மற்றும் தோட்ட மக்கள்

அத்தியாயம் 17

கூரை போடுவதற்கு முன்பே கல்வெட்டுக்குச் சொல்லி வைக்கிற மனிதரைப் பார்க்க வேண்டுமானால் பதுளை பசார் வீதிக்குத்தான் வர வேண்டும். வேறு யார், நம்முடைய ஜெயராசா முதலாளிதான்.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்துகொண்டவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போவோம். ஜெயராசாவின் துணிக்கடையும் பக்கத்துக் கடைகள் மூன்றும் ஒரே நீளக் கூரையின் கீழ் நிற்கின்றன. எண்பத்து மூன்று கலவரத்தில் மேல்மாடி எரிந்து போனது. கீழே கடைகளைத் திருத்தித் திறந்தார்கள். மேலே தகரத்தைப் போட்டு மூடியதோடு சரி. அன்றிலிருந்து மழை மட்டும்தான் அங்கே வாடகை இல்லாமல் குடியிருக்கிறது. எந்த வங்கிக்குப் போனாலும் ஒரே கேள்வி: கூரை நாலு பேருக்கும் பொது, இதில் யாரை நம்பிக் கடன் கொடுப்பது?

அதற்கு வழி கண்டுபிடித்தவள் சின்ன மருமகள் சுதர்சினி. மாடி முழுவதையும் முப்பது வருஷக் குத்தகைக்கு ஒரு சங்கத்திடம் கொடுத்துவிட வேண்டும். ஊர் மக்கள் அந்தச் சங்கத்தில் பங்கு வாங்க வேண்டும். சேருகிற தொகைக்குச் சமமாக, நகரத்துப் பழைய கட்டடங்களைப் புதுப்பிக்க உதவும் நிதியம் ஒன்று குறைந்த வட்டிக்குக் கடன் தரும். மேலே பெண்களுக்கு ஓய்வு மண்டபம், கழிப்பறைகள், படிக்க வரும் பிள்ளைகளுக்கு வாடகை அறைகள். அந்த வாடகையிலேயே கடனைக் கட்டிவிடலாம்.

நிதியம் இரண்டு நிபந்தனை போட்டது. உறுப்பினர்களில் பாதிப் பேராவது கடைக்காரர்களாக இல்லாமல், அந்த வீதிக்கு வந்து போகும் மக்களாக இருக்க வேண்டும். அடுத்தது, யார் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே வோட்டு.

முதலாவது ஜெயராசாவுக்கு இறங்கிவிட்டது. இரண்டாவது தொண்டையிலேயே நின்றது.

ஏனென்றால் வந்து போகும் மக்கள் என்றால் தோட்டத்து மக்கள்தான், சுதர்சினியும் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். இளைய மகன் சுஜன் விரும்பிக் கட்டிக்கொண்டு வந்தவள். ஜெயராசா கல்யாணத்துக்குப் போனார், சாப்பிட்டார், வந்தார். அதற்குப் பிறகு சம்பந்தி வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சுதர்சினியின் அம்மா இராக்கம்மா கடைக்கு வந்தாலும் மேசைக்கு வெளியே நின்று, "மொதலாளி" என்றுதான் கூப்பிடுவாள். அவரும் அதைத் திருத்தியதில்லை.

மூத்தவன் கிரிஷாந்தன் கொழும்பில் இருக்கிறான். கட்டடத்தை விற்றுவிடுங்கள் என்று வந்த நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். அப்பாவுக்கு நெஞ்சில் ஒப்பரேஷன் நடந்த சமயம் அப்பா சார்பில் கையெழுத்துப் போட அவன் பெயருக்கு அட்டோர்னிப் பத்திரம் ஒன்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அப்பா எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு அதைத் திரும்ப வாங்க யாருக்கும் தோன்றவில்லை. இதை ஒரு மூலையில் போட்டு வையுங்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை, சங்கத்தின் முதல் பொதுக்கூட்டம்.

காலையில் லொறி வந்து நின்றது. கூலியாட்கள் இரண்டு பேர் மூச்சுப் பிடித்துக் கல்லை இறக்கிக் கடை வாசலில் சாய்த்து வைத்தார்கள். கறுப்புக் கல், கண்ணாடிப் பளபளப்பு, எழுத்தெல்லாம் தங்க நிறம். ஜெயராசா தோளில் கிடந்த துண்டால் அதைத் துடைத்தார். தூசு இல்லாத இடத்தையும் துடைத்தார்.

பக்கத்து இரும்புக்கடை ஜௌபர் வெளியே வந்து பார்த்தார். இருவரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள்; ஜெயராசாவுக்கு அவர் 'நானா', அதாவது அண்ணன். ஒருவரை ஒருவர் கிண்டல் செய்யாவிட்டால் இருவருக்கும் சாப்பாடு செரிக்காது.

"கூரையே இல்ல, அதுக்குள்ள கல்லா?"

"கோயில்ல ஒரு டியூப் லைட்டுக்கே உபயம்னு பேர் எழுதுறோம் நானா. இது கட்டடம்."

"அந்த லைட்டுல வெளிச்சமா வருது? ஒங்க ஆக்கள்ட பேருதான் வருது" என்று சிரித்துவிட்டு ஜௌபர் உள்ளே போனார்.

கூட்டத்துக்கு நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த சுதர்சினி கையைத் துடைத்தபடி வந்தாள். கல்லை மேலிருந்து கீழே வாசித்தாள்.

அமரர் வைத்திலிங்கம் முதலாளி, அதாவது ஜெயராசாவின் அப்பா, ஞாபகார்த்தம். அதற்குக் கீழே உபயம் என்று பெரிய எழுத்தில் ஜெயராசா குடும்பத்தினர். பிறகு ஜௌபர். பிறகு மற்ற இரண்டு கடைக்காரர்கள், கொடுத்த தொகையின் வரிசைப்படி. எல்லாவற்றுக்கும் அடியில், ஓரத்தில், இடம் மிச்சமிருந்ததற்காகப் போட்டது போல ஒரு வரி.

மற்றும் தோட்ட மக்கள்.

சுதர்சினி அந்த வரியை இன்னொரு தடவை வாசித்தாள். மாதக்கணக்கில் லயம் லயமாக ஏறி இறங்கியவள் அவள். மகளிர் குழுக்களில் உட்கார்ந்து, பங்கு என்றால் என்ன, கடன் என்றால் என்ன, வோட்டு என்றால் என்ன என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப் போனவள். அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தை விட வெட்கம் அதிகமாக வந்தது, அம்மா இன்னும் கொஞ்ச நேரத்தில் பஸ்ஸில் வந்து இறங்குவாளே என்று.

"மாமா, அவங்க பேரு?"

"போட்டிருக்கே. கீழ பாரு."

"அது பேரு இல்லீங்களே."

"அத்தனை பேர் பேரையும் வெட்டணும்னா கல்லு இந்த வீதி நீளத்துக்கு வேணும். குடுத்த அளவுக்கு எழுதுறதுதான் வழக்கம். நான் புதுசா ஒண்ணும் செய்யலியே?"

அவர் குரலில் கள்ளம் இல்லை. அதுதான் சுதர்சினிக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அவமானப்படுத்த வேண்டும் என்று செய்திருந்தால் சண்டை போட்டிருப்பாள். இவர் மரியாதை செய்ததாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்!

சுஜன் உள்ளேயிருந்து ஒரு படுக்கை விரிப்பை எடுத்து வந்தான். "மூடிடலாம். கூட்டம் முடிஞ்ச பொறகு பேசிக்கலாம் சுதர்சி."

"மூடினா என்னனு தொறந்து பாப்பாங்க. எங்கம்மாவ ஒங்களுக்குத் தெரியாதா?"

மூடத்தான் மூடினார்கள். இராக்கம்மா திறந்துதான் பார்த்தாள்.

ஸ்பிரிங்வெளி பஸ்ஸிலிருந்து பெண்கள் இறங்கி வந்த அழகைச் சொல்ல வேண்டும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு ஓடும்போது இடுப்பில் படங்குச் சாக்கும் தலையில் துணியுமாக இருப்பவர்கள், இன்று தேருக்கு உடுத்துகிற சேலையை உடுத்திக்கொண்டு, தலையில் பூ வைத்து, கையில் பங்குச் சீட்டோடு வந்தார்கள். சீட்டு நனைந்துவிடக் கூடாதென்று பொலித்தீன் உறையில் போட்டிருந்தார்கள். ஒரு கட்டடத்தில் பங்கு இருக்கிறவர்கள் நடக்கிற நடை அது. சந்தைக்கு வந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள்.

இராக்கம்மா முன்னால் வந்தாள். ஒல்லியான உடம்பு, நிமிர்ந்த கழுத்து. விரிப்பின் ஒரு முனையைத் தூக்கினாள். அவள் வாசிக்க ஆரம்பித்தபோது பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.

கடைசி வரியைச் சத்தமாக வாசித்தாள். விரிப்பை மறுபடி ஒழுங்காக இழுத்து மூடினாள்.

"நல்ல கல்லு" என்றாள்.

"அம்மா, நான்..." என்று சுதர்சினி தொடங்கினாள்.

"நீ ஒன் வேலயப் பாரு. கூட்டம் எத்தன மணிக்கு?"

பெண்கள் உள்ளே வந்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். யாரும் பேசவில்லை. பஸ்ஸில் வரும்போது பாடிக்கொண்டு வந்தவர்கள் என்று நடத்துநர் பிறகு சொன்னார்.

ஜெயராசாவின் மனைவி சந்திரகாந்திக்கு இந்தக் கல் விவகாரம் எதுவும் தெரியாது. கடைக்குப் பின்னாலேயே வீடு. அடுப்படியில் நின்று அத்தனை பேருக்கும் தேத்தண்ணீர் ஊற்றினாள். கூட்டம் என்றால் வந்தவர்களின் வயிறு குளிர வேண்டும், மற்றதெல்லாம் ஆண்கள் பேசித் தொலைக்கட்டும் என்பது அவளுடைய கொள்கை. தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து முதல் வரிசையில் நீட்டினாள்.

"வேணாங்க."

அடுத்தவளும் வேண்டாம் என்றாள். அதற்கு அடுத்தவளும். தண்ணீரும் வேண்டாம் என்றார்கள். தட்டு பின்வரிசை வரை போய் நிறைந்தபடியே திரும்பி வந்தது.

சந்திரகாந்திக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏன், எங்க வீட்டுத் தேத்தண்ணி குடிக்கக் கூடாதா? என்ன குத்தம் செஞ்சோம்?"

"ஐயோ, அப்படி இல்லீங்கம்மா" என்று இளம்பெண் ஒருத்தி பதறினாள். ஜீவராணி என்று பெயர். கையில் பால் குடிக்கிற பிள்ளை. "நாங்க டவுனுக்கு வந்தா எதுவும் குடிக்கிறதில்ல. குடிச்சிட்டு எங்க போறது? பஸ் ஸ்டாண்டுல உள்ளத ஒங்களுக்குத் தெரியும்தானே. காலையில தோட்டத்துல ஒரு வாய் குடிச்சா, திரும்பிப் போய்த்தான் அடுத்த வாய்."

"பிள்ளைக்குப் பால் குடுக்கிறவ நீ. நீயுமா?"

"எல்லாரும்தாங்க. சம்பளத்தன்னைக்கு, கிளினிக்குக்கு, எப்ப வந்தாலும் அப்படித்தான்."

சந்திரகாந்தி தட்டைப் பிடித்தபடி நின்றாள். இந்தக் கடைக்கு மருமகளாக வந்த காலத்திலிருந்து இந்தப் பெண்களை மேசைக்கு அந்தப் பக்கம் பார்த்து வருகிறாள். தீபாவளிக்கு, பொங்கலுக்கு, பிள்ளைகளின் சடங்குக்கு என்று காலையிலிருந்து மத்தியானம் வரை நின்று துணி பார்ப்பார்கள். அத்தனை நேரமும் அடக்கிக்கொண்டு நின்றார்கள் என்பது அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அவளுடைய வீட்டுக் குளியலறை மேசையிலிருந்து நாலு எட்டில் இருக்கிறது.

தட்டை அங்கேயே ஒரு நாற்காலியில் வைத்தாள்.

பழைய துணிக்கடைகளில் மேசைதான் எல்லை. நீளமான பலா மர மேசை, அதன் ஓரத்தில் தூக்கி விடுகிற பலகை ஒன்று. கடைக்காரக் குடும்பமும் வேலையாட்களும் மட்டும் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவார்கள். தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் எத்தனை வருஷ வாடிக்கையானாலும் அதற்கு இந்தப் பக்கம்தான். அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்க வேண்டிய தேவையும் இருந்ததில்லை.

சந்திரகாந்தி அந்தப் பலகையைத் தூக்கிச் சுவரோடு சாய்த்தாள்.

"உள்ள வாங்க எல்லாரும். சாமி அறையத் தாண்டி வலது பக்கம். சோப்பு இருக்கு, துவாய் எடுத்துத் தாறேன். போயிட்டு வந்து தேத்தண்ணி குடிங்க."

யாரும் அசையவில்லை. பெண்கள் மேசையைப் பார்த்தார்கள், பிறகு ஜெயராசாவைப் பார்த்தார்கள். அவர் வாசலோரம் நிதியத்து அதிகாரியை எதிர்பார்த்து நின்றவர், திரும்பி மனைவியைப் பார்த்தார். வாய் ஏதோ சொல்லத் திறந்தது.

"என்ன பாக்குறீங்க? அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க, வழிய மறிக்காம" என்றாள் சந்திரகாந்தி.

இராக்கம்மாதான் முதலில் எழுந்தாள். மேசைக்கு உள்ளே அவள் எடுத்து வைத்த முதல் அடியை ஜெயராசா பார்த்தார். பின்னால் ஜீவராணி, பிறகு மற்றவர்கள். வரிசை மேசையைத் தாண்டி, துணி அலமாரியைத் தாண்டி, சாமி அறையைத் தாண்டிப் போனது. முடியவே முடியாது போலிருந்தது. அடக்கிக்கொண்டு நின்ற நாற்பது வருஷமும் வரிசையில் வருவது மாதிரி அவருக்குத் தோன்றியது.

நிதியத்து அதிகாரி ஸஜீதா வந்தபோது பெண்கள் கையில் தேத்தண்ணீரோடு உட்கார்ந்திருந்தார்கள். கூடவே பத்திரம் எழுதும் நொத்தாரிசும் குத்தகைப் பத்திரத்தோடு வந்திருந்தார். ஸஜீதா மெல்லப் பேசுகிறவள், ஆனால் கண்ணில் படாமல் எதுவும் தப்பாது. வாசலில் விரிப்பு மூடியிருந்ததைத் தொட்டுக் கேட்டாள்.

"இது என்ன ஐயா?"

ஜெயராசா விரிப்பை எடுத்தார். காலையில் இருந்த துள்ளல் அந்தக் கையில் இல்லை.

அவள் நின்று முழுவதையும் வாசித்தாள். "உபயம்னு போட்டிருக்கீங்க. உபயம் குடுத்தா அதோட முடிஞ்சது, குடுத்தவங்க அதுல உரிமை கேக்க முடியாது. நாங்க கடன் குடுக்கிறது உரிமை உள்ள உறுப்பினர்கள் நடத்துற சங்கத்துக்கு. இந்தக் கல்லு வாசல்ல இருந்தா, இது ஒரு குடும்பத்துக் கட்டடம், மற்றவங்க உதவி செஞ்சாங்கனுதான் யாரும் சொல்லுவாங்க. மேலிடத்துலயும் அதைத்தான் கேப்பாங்க. நான் என்ன பதில் எழுதட்டும்?"

கூட்டத்தில் ஒரு கை உயர்ந்தது. இராக்கம்மா எழுந்து நின்றாள்.

"மிஸ், எனக்கு ஒண்ணு தெரியணும். நாங்க போட்ட பங்க இன்னைக்குத் திருப்பிக் கேட்டாத் தருவீங்களா?"

சுதர்சினி திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"தருவாங்க. கூட்டம் தொடங்க முந்திக் கேட்டா முழுசாவே தருவாங்க" என்றாள் ஸஜீதா.

"நாங்க எடுத்துக்கிட்டா?"

"பாதிப் பேர் கணக்கு வராது. கடன் கிடைக்காது."

"கடன் இல்லேன்னா கட்டடம்?"

"கட்டடம் இப்ப இருக்கிற மாதிரியே இருக்கும்."

தகரக் கூரையில் எங்கோ ஒரு காகம் நடந்தது மட்டும் கேட்டது.

"சரிங்க மிஸ். நாங்க எடுக்க மாட்டோம்" என்றாள் இராக்கம்மா. "எங்களுக்கு அந்த மாடி வேணும். இருந்தாலும் இது எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கட்டும்னுதான் கேட்டேன்."

உட்கார்ந்து சேலையைச் சரி செய்துகொண்டாள்.

ஜெயராசா பேசுவதற்காகக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தார். தமிழ் வளர்த்த பெரியோர்களே என்று தொடங்கும். அதைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"எண்பத்து மூணு தீவாளி" என்றார். "இதுல கொஞ்சப் பேருக்கு ஞாபகம் இருக்கும். கடை எரிஞ்சு கெடந்துச்சு. எனக்கு அப்போ இருபத்தோரு வயசு. எரியாத துணிய எல்லாம் எடுத்து ஆத்துல தொவைச்சோம். எத்தன தரம் தொவைச்சாலும் பொக வாசம் போகல. அப்பா சொன்னாரு, இத யார்டா வாங்குவானு. நான் மூட்டையத் தூக்கிக்கிட்டு ஸ்பிரிங்வெளிக்குப் போனேன். லயத்து வாசல்ல விரிச்சு வச்சேன். பாதி விலைக்குக் கேட்டாலும் குடுத்திடுவோம்னுதான் போனேன்."

நிறுத்தி மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒருத்தர் பாதி விலை கேக்கல. அவங்களுக்கும் அந்த வருஷம் பயமும் பஞ்சமும்தான். முழு விலை குடுத்து வாங்கினாங்க. மூட்டையோட போனவன் வெறுங்கையோட வந்தேன். அந்தக் காசுலதான் எங்கப்பா இந்தக் கீழ்க்கடையத் தொறந்தாரு. நீங்க ஒக்காந்திருக்கிற எடம் அது."

"எனக்கு அதுல பாவாடை தச்சாங்க" என்றாள் இராக்கம்மா உட்கார்ந்தபடியே. "அதப் போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனா எவளும் பக்கத்துல ஒக்காரல. அடுப்பு வந்திருச்சுடினு சொல்லுவாளுக. பொறகு பாத்தா அவளுகளும் அதே துணியிலதான் வந்தாளுக!"

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு கடை முழுவதும் சிரித்தது. ஜெயராசாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார். அதைப் பார்த்து சந்திரகாந்தியும் அழுதாள், ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

"இந்தக் கட்டடத்துல மொதப் பங்கு போட்டவங்க இவங்க" என்றார் ஜெயராசா. "நான் அவங்களக் கடைசி வரியில போட்டிருக்கேன். சுஜன், இங்க வா. கல்லத் திருப்பு."

"அப்பா, தாத்தா பேரு..."

"தாத்தா செவுத்தப் பாத்து நிக்கட்டும். அவரு கட்டின செவுரு தானே? பின்பக்கத்தப் பாலிஷ் போடச் சொல்லு. எல்லார் பேரும் வரணும். எழுத்துச் சின்னதானாலும் பரவாயில்ல, கண்ணாடி போட்டுப் படிச்சுக்குவோம். உபயம்கிற வார்த்தையே வேணாம்."

"எந்த வரிசையில?" என்று ஜௌபர் பின்னாலிருந்து கேட்டார்.

"அகர வரிசையில."

"'ஜ' கடைசியிலதானே வரும், அப்ப நீங்களும் நானும்தான் கடைசி வரி, தெரியுமா?"

"தெரியும் நானா. கடைசி வரி எப்படி இருக்கும்னு நாமளும் பாப்போமே."

அதற்குப் பிறகு கூட்டம் நடந்த வேகத்தை ஸஜீதாவே எதிர்பார்க்கவில்லை. தலைவராக ஜெயராசாவின் பெயரை முன்மொழிந்தது ஜௌபர், வழிமொழிந்தது இராக்கம்மா. பொருளாளர் யார் என்று கேட்டபோது ஜெயராசா எழுந்து நின்றார்.

"நான் சம்பந்தியம்மா பேரச் சொல்றேன்."

யாரைச் சொல்கிறார் என்று பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். இராக்கம்மாவும் பார்த்தாள். சொன்னது தன்னைத்தான் என்று புரிய அவளுக்கு ஒரு நொடி பிடித்தது. சுதர்சினி நாற்காலியின் முதுகை இறுகப் பற்றிக்கொண்டாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் காதில் விழக் காத்திருந்த சொல் அது.

"வோட்டுக்கு விடுங்க" என்றாள் இராக்கம்மா. "சொந்தம்னு சும்மா குடுத்தா எனக்கு வேணாம்."

கைகள் உயர்ந்தன. கொழுந்து பறித்துப் பறித்துக் கறுத்துக் காய்ச்சுப் போன விரல்கள் ஒரு காடு மாதிரி நின்றன. அவற்றின் நடுவே மோதிரம் போட்ட கை ஒன்றும் நின்றது. ஸஜீதா எண்ணும்போது அதையும் ஒன்று என்றுதான் எண்ணினாள். ஜெயராசா அதைக் கவனித்தார். காலை வரை தொண்டையில் நின்ற அந்த நிபந்தனை எப்போது இறங்கியது என்று அவருக்கே தெரியவில்லை. ஒன்றாக எண்ணப்படுவது இத்தனை பெருமையாக இருக்கும் என்று யாராவது முந்தியே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

கடைக்காரர்கள் நாலு பேரும் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சங்கத்துக்காக இராக்கம்மாவும் சுதர்சினியும் போட்டார்கள். இராக்கம்மா ஒவ்வொரு எழுத்தாக, அவசரமில்லாமல் எழுதினாள்.

"நாளைக்குக் காலையிலேயே காணிப் பதிவகத்துல பதிஞ்சிடுங்க" என்று ஸஜீதா போகும்போது சுதர்சினியிடம் சொன்னாள். "இன்னைக்கு ஞாயிறு, மூடியிருக்கும். வேற யாராவது முந்திப் பதிஞ்சா அதுதான் நிக்கும், பதியும் வரைக்கும் கொஞ்சம் கவனம். பதிஞ்ச பிரதி கைக்கு வந்த உடனே நாங்க காசை விடுவோம்."

மாலையில் மழை பிடித்தது. மேல்மாடித் தகரத்தில் கொட்டுகிற சத்தம் கீழே பேச்சைக் கேட்க விடவில்லை. பஸ் நேரம் வந்ததும் பெண்கள் புறப்பட்டார்கள். போவதற்கு முன் ஒரு தடவை மேசைப் பலகையைத் தாண்டி உள்ளே போய் வந்தார்கள். இம்முறை யாரும் ஜெயராசாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை.

"போயிட்டு வர்றேங்க சம்பந்தி" என்று இராக்கம்மா குடையை விரித்தாள். "அடுத்த மாசக் கூட்டத்துக்கு வரவு செலவு நான் வாசிப்பேன். நேரத்துக்கு வந்துருங்க."

"தலைவர் நான்தானே?"

"அதனாலதான் சொல்றேன்."

பஸ் திரும்பிய இடத்தில் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கியவன் கிரிஷாந்தன். நனைந்தபடி ஓடி வந்து கடைக்குள் ஏறியவன், தலையைத் துவட்டக்கூட இல்லை. கிடந்த நாற்காலிகளைப் பார்த்தான். முதுகைக் காட்டி நின்ற கல்லைப் பார்த்தான். திறந்து கிடந்த மேசைப் பலகையைப் பார்த்தான்.

"சாப்பிட்டியா தம்பி?" என்றாள் சந்திரகாந்தி.

"பொறகு சாப்பிடுறேன்மா. அப்பா, கொழும்புப் பார்ட்டியோட எல்லாம் பேசி முடிச்சிட்டேன். நம்ம பகுதிய மாடியோட எடுக்கிறாங்க, நல்ல விலை. நாளைக்குக் காலையில வர்றாங்க."

"மாடி சங்கத்துக்குக் குடுத்தாச்சு. இன்னைக்குக் கையெழுத்துப் போட்டோம்."

"பதிஞ்சாச்சா?"

சுதர்சினி சுஜனைப் பார்த்தாள். சுஜன் தரையைப் பார்த்தான்.

"அப்ப இன்னும் நேரம் இருக்கு" என்றான் கிரிஷாந்தன். குரலில் கோபம் இல்லை. அப்பாவுக்கு நல்லது செய்ய வந்த மகனின் குரல்தான் அது. "நீங்க ஒங்க ஒடம்பப் பாருங்கப்பா. இந்த வயசுல கூட்டம், சங்கம்னு ஏன் அலையணும்? நீங்க ஒண்ணும் செய்யவே வேணாம். அட்டோர்னிப் பத்திரம் என் பேர்ல தானே இருக்கு. நானே எல்லாத்தையும் முடிச்சிடுறேன்."

அவன் கை தோள்பையின் மேல் இருந்தது. பத்திரம் அதற்குள்தான் இருக்கிறது என்று எல்லோருக்கும் புரிந்தது.

சந்திரகாந்தி கணவனின் முகத்தைப் பார்த்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொள்வாரோ என்று பயந்தாள். அவரோ எழுந்து மேசையின் உள்பக்கத்திலிருந்து வெளியே வந்தார். பெண்கள் உட்கார்ந்திருந்த நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, முதல் வரிசையில் உட்கார்ந்தார். காலையிலிருந்து அவ்வளவு நிம்மதியாக அவர் உட்கார்ந்தது இப்போதுதான்.

"சரி தம்பி, அந்தப் பத்திரத்தையும் எடுத்துக்கிட்டுக் கூட்டத்துக்கு வா. பொருளாளர்கிட்டக் கேளு, மத்தவங்ககிட்டக் கேளு. அங்க எனக்கே ஒரு வோட்டுத்தான்."

மழைச் சத்தத்துக்கு மேலாகக் கேட்கும்படி மிச்சத்தையும் சொன்னார்.

"ஒனக்கு அதுவும் இல்ல."